அடுத்ததுக்குப் போ

வகுப்பாசிரியை விடைத்தாளை மேசைமேல் விரித்து, எதிரில் உட்கார்ந்திருந்த கணவன் மனைவி பக்கமாகத் திருப்பி வைத்தார். முதல் இரண்டு பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் முற்றுப்புள்ளியோடு ஒழுங்காக முடிந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"உங்க பொண்ணு எழுதின வரைக்கும் ஒரு தப்பு கிடையாது. அதுக்கு முழு மார்க் போட்டுட்டேன். எழுதாததுக்கு நான் எதைப் போட?" என்றார் ஆசிரியை.

அறிவியல் தாளும் அப்படித்தான் இருந்தது, கணக்குத் தாளும் அப்படித்தான். பாதியில் ஏதோ கரண்ட் போனதுபோல எல்லாமே ஓரிடத்தில் நின்றுபோயிருந்தன.

"உடம்பு சரியில்லையோன்னு கிட்ட போய்ப் பார்த்தேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. பேனாவ மூடி வச்சிட்டுக் கையக் கட்டிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கா. ஏம்மா நிறுத்திட்டேன்னு கேட்டா, 'யாருமே சொல்லலையே மிஸ்'ங்கிறா. என்ன சொல்லலைன்னேன். 'அடுத்ததுக்குப் போன்னு'ங்கிறா."

மனைவி மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறியில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆசிரியை விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இது அரையாண்டுத் தேர்வு, போனால் போகட்டும். முழு ஆண்டுத் தேர்விலும் இப்படியே பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்தால், அவள் ஐந்தாம் வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான். முதல் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள். "தெரியாத பிள்ளைன்னா சொல்லிக் குடுக்கலாம். இவளுக்கு எல்லாம் தெரியுது. என்னால என்ன பண்ண முடியும், சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு ஆசிரியை தாள்களை அடுக்கிக் கட்டினார்.

அந்த மின்விசிறியை அவர் ஏன் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு தொலைக்காட்சியில் நேரலைச் செய்திகளை நடத்துபவர். திரையில் முகம் வராது, பெயரும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடிவிடும். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் குளிரூட்டிய இருட்டறை ஒன்றில் இருந்தபடி, மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார். அது செய்தி வாசிக்கும் பெண்ணின் காதுக்குள் மட்டும் கேட்கும். "அடுத்ததுக்குப் போ. இருபது செகண்ட். கொஞ்சம் இழு. போதும். வணக்கம் சொல்லு." செய்தி முடிய வேண்டிய நொடியில் முடியும். ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் வந்து நிற்பான். அப்படி ஆள் வந்து நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் அவரைக் கடியாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பெருமையை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டு வந்தார். "எழுந்தாச்சா? பல்லு. போதும், வாயக் கொப்பளி. இப்ப குளியல். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, அவசரமில்ல. சாக்ஸ். அந்தக் கால். ஜடைக்குப் போ. தண்ணி பாட்டில். வேன் திரும்புது, கிளம்பு." மகள் காலைச் சிற்றுண்டியை மெல்வதும் விழுங்குவதும்கூட அவர் குரலுக்குத்தான். பள்ளி வேனுக்கு அவள் ஒருநாளும் பிந்தியதில்லை. வீட்டுப்பாடம் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. வந்துபோகும் உறவுக்காரர்கள், பிள்ளையை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போவார்கள். செலவில்லாத விஷயத்தில் உறவுக்காரர்கள் தாராளமாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்று. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அது நின்றுபோய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. அதற்கு ஒரு பேட்டரி போட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அவர்தான் இருக்கிறாரே.

பள்ளியிலிருந்து திரும்பும்போது மனைவி பஸ் நிறுத்தம்வரை விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். நிறுத்தத்தில் நின்றதும் ஆரம்பித்தாள். அவள் பல் டாக்டர்.

"ஊர்ல உள்ளவங்க வாயையெல்லாம் திறக்க வைக்கிறது என் பிழைப்பு. உங்க ஒருத்தர் வாய மூட வைக்கத்தான் எனக்கு வழி தெரியல."

"நான் வாய மூடினா மறுநாளே வேன விட்டுருவா."

"விடட்டும்."

"ஹோம்வொர்க்?"

"அதையும் விடட்டும்."

வேனை விடுவது, விடட்டும் என்று சொல்லக்கூடிய விஷயம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. மகளுக்குப் பயிற்சி போதவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினார். பழைய கேள்வித்தாள்களை வாங்கி வந்தார். மாலையானால் மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, பின்னால் நடந்துகொண்டே நேரம் சொன்னார். "ஒண்ணாவது முடிஞ்சுதா? அடுத்ததுக்குப் போ. ரொம்ப அலங்காரம் வேண்டாம். அடுத்தது." அவளும் ஒவ்வொரு தாளையும் கடைசிக் கேள்வி வரைக்கும் சொல்லி வைத்தாற்போல முடித்தாள். அவர் அந்தத் தாள்களை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். மனைவி அவற்றைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

அடுத்து வந்த மாதத் தேர்வில் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முன்பைவிடக் குறைவு.

அன்றைக்கு அவர் கொஞ்சம் பயந்துபோனார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மகள் உறங்கும் அறை வாசலில் நின்றபடி, இதில் நம் தப்பு என்று ஏதாவது இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, பள்ளியில்தான் ஏதோ சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அவர் கண்ணைத் திறந்தது ஒரு பழுதான ஒயர். மதியச் செய்தியின்போது நடந்தது. அன்றைக்குச் செய்தி கன்னாபின்னாவென்று இருந்தது. வெளியூர் நிருபர் ஒருவர் இணைப்புக்கு வரவில்லை, வந்த இன்னொருவர் நிறுத்துவேனா என்றார், நடுவில் அவசரச் செய்தி ஒன்று நுழைந்தது. அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். அதை விடு, இதற்குப் போ, சுருக்கு, இழு, வணக்கம் சொல்லு. வாசிக்கும் பெண் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னாள். செய்தி முடிய வேண்டிய நொடியில் முடிந்தது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "கடியாரம்னா சும்மாவா" என்றார் ஒருவர். அவர் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தார்.

அப்போது ஒலிப்பதிவுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா காதுக்குப் போற லைன் செத்துப் போயிருக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

"எப்பலருந்து?"

"ஆரம்பத்துலருந்தே."

குடித்த தண்ணீர் அவருக்குப் புரையேறியது. கைதட்டியவர்கள் அவரவர் திரையைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அவர் ஒப்பனை அறைக்குப் போனபோது, வாசிக்கும் பெண் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் குரலைக் காதில் வாங்கியே வாசித்தவள்.

"இன்னிக்கு என் குரல் உங்களுக்குக் கேக்கலையாமே."

"ஆமா சார். நானும் எங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"அப்புறம் எப்படி முடிச்சீங்க?"

அவள் கண்ணாடி வழியே அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"கேமராவுக்கு மேல கடிகாரம் தொங்குதே சார். அதைப் பார்த்துத்தான்."

"தினமும் அங்கதான தொங்குது?"

"தொங்குது. நீங்க பேசிட்டிருந்தா நான் எதுக்கு அதைப் பார்க்கப்போறேன்?" துடைத்த பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். "இன்னிக்குக் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க."

கோபிக்கவில்லை என்று சொன்னார். அது பொய். வழிநெடுக அவருக்குக் கோபம்தான், ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வீட்டுத் தெருமுனைக் கடையில் நின்று ஒரு பேட்டரி வாங்கினார்.

மறுநாள் காலை கூடத்துக் கடிகாரம் ஓடியது, அவர் வாய் ஓடவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு சாமானியமானதல்ல. செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். மகள் தானாகக் குளித்தாள், ஏனென்றால் குளியலறை காலியாக இருந்தது. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸை மாட்டினாள். இன்னொரு சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் பேசவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, என்மேல கோவமா?"

மௌனத்துக்கு அப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"இல்ல கண்ணு. கோவமே இல்ல. அங்க பாரு" என்று கூடத்துச் சுவரைக் காட்டினார்.

"அது ஓடாதே."

"இப்ப ஓடும்."

அவள் எட்டிப் பார்த்தாள். முள் நகர்வதைப் பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கையில் வேன் போய்விட்டது. அதன் ஹாரன் இரண்டு முறை அடித்து, பிறகு தெருத் திரும்பும் சத்தமும் கேட்டது. செய்தித்தாளைப் பிடித்திருந்த அவர் கைவிரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மனைவி சமையலறை வாசலில் நின்று அவரையே காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

மகள் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் போனாள். முதல் பாடம் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். ஜியோமெட்ரி பெட்டியை மறந்ததற்கு இன்னொரு திட்டும் வாங்கினாள். மாலையில் பையை வீசிவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"நீங்க சொல்லியிருக்கணும். உங்களுக்கு டைம் தெரியும்ல? தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தீங்க."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அன்றிரவு அவள் அவரோடு பேசாமலே தூங்கிவிட்டாள். இதற்குப் பதிலாக அந்த விளம்பரப் பிரிவு ஆள் பத்துப் பேரோடு வந்து நின்றிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

அந்த வாரம் இன்னும் ஒருமுறை வேன் போயிற்று. அதற்கப்புறம் மகள் சில வேலைகளைச் செய்யத் தொடங்கினாள். முதலில் கடிகாரத்தைக் கூடத்திலிருந்து கழற்றச் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டும்போது நேரே தெரிகிற மாதிரி, செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே, தன் கண் மட்டத்தில் மாட்ட வேண்டும் என்றாள். அவர் அளவெடுக்கத் தொடங்குவதற்குள் மனைவி ஆணியை அடித்துவிட்டாள். அதன்பிறகு வீட்டுக்கு வருபவர்கள் நேரம் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. அடுத்து, பையை முந்தின இரவே அடுக்கி வாசற்படிக்குக் குறுக்கே வைத்தாள். அதை எடுக்காமல் யாரும் வெளியே போக முடியாது என்பது அவள் கணக்கு. அவர்தான் முதலில் தடுக்கி விழுந்தார். கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிற்று. சுவரோரமாக வைக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

இப்படி அவர் விழுங்கியது கொஞ்சநஞ்சமல்ல. அவள் சீருடையைப் போட்டுக்கொண்ட பிறகு பல் தேய்த்தாள், பேஸ்ட் கறையோடு போனாள். பிடிக்காத பாடத்தை முதலிலும் பிடித்ததைக் கடைசியிலும் வைத்துக்கொண்டாள். நடுவில் பத்து நிமிஷம் ஜன்னலோரம் சும்மா நின்றாள். எல்லாம் தலைகீழ். அவர் நடத்தியிருந்தால் இதில் பாதி நேரத்தில் முடித்திருப்பார். ஆனால் அவள்தான் முடித்தாள்.

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு மாலை, அவளாகவே அவரிடம் வந்தாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல ஒரு நியூஸ் ரொம்ப இழுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"பின்னாடி வரப்போறதுல எதையாவது வெட்டுவோம்."

"எதை?"

"இல்லாட்டியும் பரவாயில்லைன்னு தோணுறதை."

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அவருக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச விஷயம் இருந்தது. வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மனைவி இருமினாள். நல்ல ஆரோக்கியமான இருமல். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசித் தேர்வு அறிவியல். அது நடந்த நேரத்தில் அவர் இருட்டறையில் மதியச் செய்தியை நடத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவர் மைக்கில் குறைவாகத்தான் பேசுகிறார். அன்று அதுகூட இல்லை. அவர் பார்வை எதிரே ஓடும் கடிகாரத்தில் இருந்தது, நினைப்பு வேறொரு கட்டடத்தில் இருந்தது. இப்போது இரண்டாம் பகுதி முடிந்திருக்க வேண்டும். முடிந்திருக்குமா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? ஒருமுறை அவரையறியாமல், "அடுத்ததுக்குப் போ" என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஒரு செய்தியைப் பாதி வாசித்திருந்த அந்தப் பெண் கண் இமைக்காமல் அதையே தொடர்ந்து வாசித்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார்.

செய்தி முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் பள்ளி வாசலுக்குப் போனார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியே ஓடி வந்தார்கள். தோழி வந்தாள், அவருக்குக் கையசைத்துவிட்டுப் போனாள். மகள் வரவில்லை. வாசல் ஏறக்குறைய காலியானபின், ஒரு தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற அமர நடந்து வந்தாள்.

எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"ஒண்ணு எழுதல."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சுப்பா. விடை தெரியல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கேள்வித்தாளை நீட்டினாள். ஒவ்வொரு பகுதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு நேரம் எழுதியிருந்தது. நடுவில் இரண்டை அடித்துவிட்டு வேறு நேரம் எழுதியிருந்தாள்.

"ஹால் கடிகாரத்தப் பார்த்தா, ரெண்டாவது பகுதி இழுத்துடுச்சு. அதான் படத்துக்குக் கலர் குடுக்கிறத வெட்டிட்டேன். கலர் இல்லாட்டியும் பரவாயில்ல."

பள்ளி வாசலில் நின்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். மகளுக்கு ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட அப்பனை கேட்டருகே நின்ற காவலாளி பார்த்திருக்கமாட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கேள்வித்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் வாயிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. அதை அவர் கேட்டிருக்க வேண்டாம்.

"உள்ள உக்காந்திருக்கும்போது, என் குரல் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே" என்றாள் சட்டென்று. பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கை காது மடலுக்குப் போயிற்று. பொய் சொல்லும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்தே அவள் காது மடலைத் திருகுவாள்.

"கடைசியில பேப்பரக் கட்டும்போது கொஞ்சம் கேட்டுச்சுப்பா."

"என்ன சொன்னேன்?"

அவள் யோசித்தாள்.

"போதும்னு சொன்னீங்க."

அவர் தலையாட்டினார். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அதை அவரும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. "பஸ் வருது, வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.